ஐந்தாம் வகுப்பில் கூடிய ஊர்க்கூட்டம்

என் வாய் சும்மா இருக்காது. பெற்ற அம்மாவே சொல்லிச் சலித்த விஷயம். அந்த வாயால் ஒரு மனிதரை ஜெயில் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தேன். அது நடந்தது 1979-இல், ஜவ்வாது மலையில்.

அங்கே நான் டீச்சராக இருந்தது மூன்றே வருஷம். ஆனாலும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தப் பள்ளிக்கூடம்தான். ஓட்டுக் கூரை, ஒரே நீள அறை, வாசலில் ஒரு பலாமரம், ஐந்தாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். சனிக்கிழமை மத்தியானம் ஜீப்பில் சொந்த ஊரான ஆலங்காயத்துக்கு இறங்குவேன், திங்கட்கிழமை காலையில் ஏறுவேன். ஜீப்பில் பதினாறு பேர், இரண்டு ஆடு, யாருடைய பலாப்பழமோ என் மடியில். அப்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் போவேன். இன்றைக்கு அந்த நெரிசலில் ஒரே ஒரு தடவை உட்காரக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் சட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. திருடுவது தவறு, திருடினால் போலீஸ் பிடிக்கும், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் திருடுகிறான் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? புத்தகத்தை மூடிவிட்டு உலக வரைபடத்தைப் பலாமரத்தில் மாட்டினேன். பிள்ளைகளை வட்டமாக உட்காரச் சொன்னேன்.

ஐரோப்பாவில் விரலை வைத்து, போர் முடிந்த குளிர்காலத்தில் அநாதைப் பிள்ளைகள் ரயிலிலிருந்து கரி திருடிய கதையைச் சொன்னேன். எனக்கு நேர் எதிரே இருந்த பாஞ்சாலை கை தூக்கினாள்.

"அதுங்களுக்கு மாமன் இல்லியா டீச்சர்?"

மாமனும் போரில் செத்திருப்பார் என்றேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில், பண்ணையார் காட்டில் முயல் பிடித்தவர்களைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்குத் துரத்தினார்கள் என்றதும் வகுப்பே கொதித்துப் போனது.

"முயலு புடிச்சதுக்கா?" என்று கத்தினான் துரைக்கண்ணு. "அப்பன்னா எங்கூர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க!"

ஒரு வாரம் இப்படியே போனது. அந்த ஒரு வாரத்தில் நான் நடத்தியதுபோல் அப்புறம் முப்பது வருஷத்தில் ஒரு பாடமும் நடத்தவில்லை. வெள்ளிக்கிழமை அதே வட்டத்தில் உட்கார வைத்துச் சொன்னேன்: "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குற்றத்தை எழுதுங்க. பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்க. இந்த வட்டத்துல எதையும் மறைக்க வேண்டாம்."

பிள்ளைகளும் மறைக்கவில்லை. துரைக்கண்ணு எழுதியிருந்தான்: 'எங்க சித்தப்பா அடுத்தவங்க கொல்லையில பலாப்பழம் எடுத்தார். காரணம்: வாசனை.' சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பாஞ்சாலையின் நோட்டைப் படித்ததும் சிரிப்பு நின்றது. 'எங்க அப்பா குப்பன் மாசி மாசம் ரெண்டு சந்தனக்கட்டை கீழே தூக்கிட்டுப் போனார். காரணம்: சாமை காய்ஞ்சி போச்சு. தம்பிப் பாப்பா பொறந்து எட்டு நாள். வூட்ல ஒண்ணும் இல்லை.'

சந்தனக்கட்டைக்கு அந்த நாளில் நேராக ஜெயில்தான். அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை குப்பனுடையது ஒன்றுதான். இதெல்லாம் தெரிந்தும் நான் செய்ததைக் கேளுங்கள். மறுநாள் ஜீப்பில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் பெருமை அடித்தேன். "எங்க பிள்ளைங்க ஒண்ணையும் ஒளிக்கலைங்க. சந்தனக்கட்டை வரைக்கும் எழுதியிருக்குதுங்க!" என்றேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் முன் சீட்டில் வனக்காவலர் பாண்டுரங்கன் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"டீச்சரம்மா, பசங்க இன்னாமோ எழுதினாங்களாமே. அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தந்துடறேன்."

நோட்டுகள் மேஜைக்கு அடியில் தகரப்பெட்டியில் இருந்தன.

"நோட்டுல எழுதலைங்க. சிலேட்டுல எழுதினாங்க. அப்பவே அழிச்சாச்சு."

பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பாண்டுரங்கன் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு முதல் வரிசையில் இருந்த பாஞ்சாலையிடம் குனிந்தார். "நீ சொல்லும்மா. சிலேட்டுலயா எழுதினீங்க?"

பொய் சொல்லக் கூடாது என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். உண்மையைச் சொன்னால் அவளுடைய அப்பா போய்விடுவார்.

பாஞ்சாலை எழுந்து நின்றாள். "டீச்சர்தான் சொல்ட்டாங்களே சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அந்தப் பக்கங்களை எல்லாம் கிழித்து மதிய உணவு சமைக்கும் செல்லம்மாவிடம் கொடுத்து அடுப்பில் எரிக்கச் சொன்னேன். அப்பாடா என்று திரும்பி வந்து மத்தியான வருகைப் பதிவேட்டைத் திறந்தால், ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் தரையைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "யாருக்காகப் பொய் சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு? நன்றி கெட்டதுங்களா!"

பாஞ்சாலைதான் பேசினாள். "நீங்க வட்டமா ஒக்கார வெச்சீங்க டீச்சர். மறைக்காம சொல்லுன்னீங்க. எங்கூர்ல கூட்டம் போட்டா அப்படித்தான் ஒக்காருவாங்க. தப்பு பண்ணவங்க சொல்ட்டு, வுழுந்து கும்புட்டுட்டா முடிஞ்சிது. அப்புறம் அத ஒருத்தரும் வாயில எடுக்கக் கூடாது. எடுத்தா, எடுத்தவங்கதான் தப்புக்காரங்க. எங்கப்பாவுக்குப் பதிலா நான் சொன்னேன். நீங்க அத வெளிய சொல்ட்டீங்களே."

நான் பாடம் என்று நினைத்ததை அவர்கள் கூட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் அத்தனை பேரும் வீட்டுக் குற்றங்களைக் கொண்டுவந்து என் முன்னால் தைரியமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"நீங்களும் சொல்லணும்" என்றான் துரைக்கண்ணு.

பலாமரத்தடியில் மறுபடி வட்டமாக உட்கார்ந்தோம். நான் நடுவில் நின்றேன். பாண்டுரங்கனிடம் பொய் சொன்னதைச் சொன்னேன்.

"காரணம்?" என்றாள் பாஞ்சாலை.

"உங்கப்பா ஜெயிலுக்குப் போயிடக் கூடாதுன்னு." இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. அடுத்ததுதான் சுலபமாக இல்லை. "ஜீப்புல வெளிய பேசினேன்."

"அதுக்குக் காரணம்?"

ஊர் உலகத்துக் குற்றத்துக்கெல்லாம் காரணம் சொன்னவளுக்குத் தன் காரணத்தைச் சொல்ல எத்தனை நேரம் ஆனது தெரியுமா? பசி இல்லை, பஞ்சம் இல்லை, போர் இல்லை. "பெருமைக்குத்தான்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் விழுந்து கும்பிட்டேன். ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் தண்டம் என்றார்கள். கொடுத்தேன். அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது பேரும் 'உள்ளேன் டீச்சர்' என்றார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து, போளூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். பார்த்தால் பாஞ்சாலை, இடுப்பில் குழந்தையோடு. அப்பா நன்றாக இருக்கிறார், இந்த வருஷம் சாமை நல்ல விளைச்சல் என்றாள். முயல் பிடித்துக் கப்பலேறியவர்களைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள். வரைபடம், பலாமரம், துரைக்கண்ணுவின் வாசனை, எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு மனசு நிறைந்து போய், வழக்கம்போல வாய் திறந்துகொண்டது.

"அன்னைக்கு மட்டும் நான் ஜீப்புல வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, பாஞ்சாலை..."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"எந்த ஜீப்பு டீச்சர்?"