இடது பின்சக்கரம்

குவாபரா மட்டும் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இசொகாய்க்கு அன்று மத்தியானமே பித்தளைத் தகடு கிடைத்திருக்கும். ஆனால் குவாபராவால் சும்மா இருக்க முடியாது. பஸ் டிப்போவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தின் தலைவர். யார் வண்டியைக் கண்டாலும் ஒரு நட்டையாவது தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகருவார்.

மலையில் இலைகள் சிவக்கிற சமயத்தில், கணவாய் உச்சியில் இருக்கிற வண்டி நிறுத்துமிடத்தில் சங்கம் வருஷா வருஷம் கூடும். வண்டிகளை மூக்கும் வாலும் இடிக்கிற மாதிரி நெருக்கி நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அப்புறம் சாயங்காலம் வரை பெருமை அளப்புதான். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் காது கேட்காதவர்கள் எல்லாம் இங்கே வந்து சோக் வயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இசொகாய் அப்போது யாரோ ஒருவருடைய சிவப்புக் காரின் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் பித்தளைத் துண்டு ஒன்றின் சின்னத் துளைக்குள் வாயால் ஊதிக்கொண்டிருந்தார். குவாபரா பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கற, சொந்த வண்டியைக் கவனிக்க மாட்டியா?"

"ஏன் தலைவரே?"

"உன் வீட்டம்மா கிளம்பறப்ப பாத்தேன். இடது பின்சக்கரத்துல அஞ்சு நட்டும் லூசு. ஒவ்வொண்ணும் கால் சுத்து சுத்துது! நல்லவேளை, நான் பாத்து இறுக்கி விட்டேன். டீ வாங்கிக் குடுத்துடு."

இசொகாயின் கையிலிருந்த அந்தத் துண்டு நழுவி எஞ்சினுக்குள் எங்கேயோ விழுந்தது.

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"யார்கிட்ட என்ன கேக்கற நீ? இடது சக்கரத்துக்கு இடது மரை. இப்படி." குவாபரா காற்றில் கையை இடப்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "நேத்து வந்த பொடிப்பய கூட சொல்லுவானே. நட்டு நெத்தியிலேயே எல்-னு அடிச்சிருக்கு, கண்ணு தெரியாதா எனக்கு?"

அந்தக் காலத்து வண்டிகளில் அப்படித்தான். ஓட ஓட நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று இடது பக்கத்துச் சக்கரங்களுக்கு மட்டும் தலைகீழ் மரை வைத்திருப்பார்கள். இடப்பக்கம் திருப்பினால் இறுகும், வலப்பக்கம் திருப்பினால் கழலும். அடையாளத்துக்கு எல் என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்திருப்பார்கள். இது தெரியாமல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வருகிற புது ஆட்களைக் கேலி செய்வதுதான் சங்கத்தில் பாதிப் பொழுதுபோக்கு.

இசொகாயின் லாரி அறுபதுகளில் வந்த சின்ன லாரி. ஆப்பிள் தோட்டத்துக் கொட்டகை ஒன்றில், கூடைகளுக்கு அடியில் கிடந்ததை வாங்கி வந்து ஆறு வருஷம் மல்லுக்கட்டினார். எல்லாம் கிடைத்தது, கதவுக் கைப்பிடியில் இருக்கிற சின்ன ஸ்க்ரூ உட்பட. கிடைக்காதது ஒன்றே ஒன்று. இடது பின்பக்கத்தில் சக்கரத்தைத் தாங்குகிற ஹப் விரிசல் விட்டிருந்தது. அதற்கு ஈடு எங்கு தேடியும் இல்லை. கடைசியில், சில வருஷம் கழித்து வந்த வேறொரு மாடலின் ஹப்பைப் பழைய இரும்புக் கடையில் பிடித்துப் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதில் இருந்தது சாதாரண மரை. எல்லா நட்டையும் போல வலப்பக்கம் திருப்பினால் இறுகுகிற மரை.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சங்கத்தில் பித்தளைத் தகடு ஒன்று கொடுப்பார்கள். தொழிற்சாலையை விட்டு வந்தபடியே அச்சு அசலாக இருக்கிற வண்டிக்கு மட்டும்தான் அது. இசொகாய்க்கு அந்தத் தகட்டின் மேல் ஒரு கண். கண் என்ன கண், பைத்தியம். எழுத்துப் பொறிக்கிற உளியை எடுத்து, அந்த ஐந்து நட்டின் நெற்றியிலும் எல், எல், எல் என்று தன் கையாலேயே அடித்துவிட்டார். அடித்து, கொஞ்சம் துருவும் ஏற்றிவிட்டார். இன்று காலையில் நடுவர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

இப்போது அந்தப் பொய்யை நம்பித்தான் குவாபரா ஐந்து நட்டையும் தளர்த்தி விட்டிருக்கிறார். அந்தச் சக்கரத்தோடுதான் இசொகாயின் மனைவி ஃபுமியே மலையிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

சங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டிய கடைக்காரரின் வேன் கிளம்பவில்லை என்று அடிவாரத்திலிருந்து போன் வந்திருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் நின்றது இசொகாயின் லாரிதான். அவர் கையெல்லாம் பெட்ரோல். "நான் போய் எடுத்துட்டு வரேன். கியர் மாத்தறதுதான் சொல்லிக் குடுத்தீங்கல்ல" என்று ஃபுமியே சொன்னபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்த லாரியை 'உங்க சின்ன வீடு' என்று ஆறு வருஷமாகக் கேலி செய்தவள், முதல்முறையாகத் தனியாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று பக்கத்திலிருந்தவரிடம் வேறு சொல்லிக்கொண்டார்.

இசொகாய் போனை எடுத்து அழைத்தார். அவருடைய மடக்கு நாற்காலியின் மேல் கிடந்த துணிப்பைக்குள்ளிருந்து மணி அடித்தது. ஃபுமியே போனை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கணவாய்ப் பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவுகள் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் பள்ளம் என்றும் தெரியும். அவளுக்கு என்ன தெரியும்? நட்டும் தெரியாது, மரையும் தெரியாது. பின்னால் சத்தம் வந்தால் கூட, பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போவாள். அவர்தானே அப்படிச் சொல்லிச் சொல்லி அவளைப் பழக்கியிருந்தார்!

"தலைவரே, உங்க கார் சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது. "அவ போனை வச்சுட்டுப் போயிட்டா. குடுத்துட்டு வந்துடறேன்."

"போனுக்காகவா? விடுப்பா. சாப்பாட்டை எடுத்துட்டுத் தானா வரப்போறாங்க. என் கார் இப்ப போட்டோவுக்கு நிக்குது, பாரு."

"இல்ல, பிரேக்கு கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு..."

"பிரேக்கா? காலையில நான்தானே மிதிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி நின்னுச்சே."

ஒரு பொய்யைச் சொல்லி, அது போணியாகாமல் இன்னொரு பொய்யைச் சொல்லி, இப்படியே கொஞ்ச நேரம் போனது. அந்தக் கொஞ்ச நேரத்தில் லாரி இன்னும் ஒரு வளைவு இறங்கியிருக்கும். இசொகாய் வாசலைப் பார்த்தார். ஃபுமியே போன பிறகு வந்த பழைய மினி பஸ் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு கார்கள். ஓட்டுநர்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. சுற்றிலும் இத்தனை வண்டிகள் இருந்தும் அவசரத்துக்கு வெளியே போக ஒன்று கூட இல்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் மட்டும் ஓடியது. கூடாரத்துக்குள் போய், அறிவிப்புச் செய்துகொண்டிருந்த பெண்ணிடமிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் இசொகாய் பேசறேன். என் லாரியோட இடது பின்சக்கரம் அசல் இல்ல. பின்னாடி வந்த மாடலோட ஹப்பு. சாதா மரை. நட்டுல இருக்கற எல்லு நானே உளியால அடிச்சது. தகடு வாங்கறதுக்காக உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்." மூச்சு வாங்கியது. "அது தெரியாம தலைவரு நட்டை எல்லாம் லூசாக்கி விட்டுட்டாரு. என் பொண்டாட்டி அந்த வண்டியிலதான் மலை இறங்கிட்டிருக்கா. தயவு செஞ்சு வழியை விடுங்க. மினி பஸ் யாரோடது? கும்பிடறேன், எடுங்க."

நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள். மினி பஸ்காரர் வருவதற்குள்ளேயே ஏழெட்டுப் பேர் சேர்ந்து அதையும் பின்னால் நின்ற கார்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். யாரும் இசொகாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால் கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

குவாபராவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "என் கையாலயா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுக்கொண்டே காரில் ஏறி சோக்கை இழுத்தார். அவருடைய கறுப்புக் கார் குளிரில் எப்போதும் முரண்டு பிடிக்கும். அன்று முதல் திருப்பிலேயே கிளம்பியது.

பாதை இறங்கியது. இசொகாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, தரையில் நட்டு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தார். ஓரத்துத் தடுப்புக் கம்பியில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். முதல் வளைவில் ஒன்றுமில்லை. எதிரே மேலேறி வந்த மோட்டார் சைக்கிள்காரனைக் குவாபரா கை காட்டி நிறுத்த முயன்றார். அவர் வணக்கம் போடுவதாக நினைத்து அவனும் கை அசைத்துவிட்டுப் போனான்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" குவாபரா ஸ்டியரிங்கில் ஒரு அடி அடித்தார். "ஹப்பு கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே? என் கார்ல என்ன எல்லாமே அசலா? ரேடியேட்டரு வேற வண்டியோடது!"

இசொகாய் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மனசுக்குள், அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் லாரியைப் பழைய இரும்புக்கே போட்டுவிடுகிறேன் என்று யாரிடமோ வேண்டிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும், பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி மாட்டுவதற்காகப் பாதையை அகலமாக்கி விட்டிருக்கிற இடம் ஒன்று உண்டு. இசொகாயின் வானநீல லாரி அங்கே நின்றது. நான்கு சக்கரமும் இருந்தன. ஃபுமியேவைக் காணோம்.

கார் நிற்பதற்குள் இசொகாய் குதித்தார். லாரிக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்தாள். கறுப்புக் காரையும் குவாபராவையும் பார்த்ததும், கையிலிருந்த எதையோ சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது பின்சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல தலைவரே. இலை ரொம்ப அழகா இருந்துச்சா, ஒரு போட்டோ எடுக்கலாம்னு நிறுத்தினேன்."

இசொகாயின் கையில் அவளுடைய போன் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் அசல்" என்றாள், குவாபராவைப் பார்த்து. சொல்லும்போதே முதுகுக்குப் பின்னாலிருந்து வீல் ஸ்பேனர் நழுவி 'டங்' என்று தார்ச்சாலையில் விழுந்தது. அவளுடைய உள்ளங்கை இரண்டும் கிரீஸால் கறுத்திருந்தன. முட்டியில் மண் ஒட்டியிருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இசொகாய்.

அவள் அவர் பக்கம் நெருங்கி வந்து, குவாபராவுக்குக் கேட்காதபடி பேசினாள். "நீங்க அந்த ஹப்பை மாட்டறப்ப ராத்திரி முழுக்க டார்ச்சைப் பிடிச்சது யாருங்க? 'வலது பக்கம், இது மட்டும் வலது பக்கம்'னு நீங்களே முணுமுணுத்துக்கிட்டே இருந்தீங்க. அங்க தலைவரு இடது பக்கமா திருப்பறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஒவ்வொண்ணா 'கிரீச்' 'கிரீச்'னு கழலுது. நான் குனிஞ்சு ரொம்ப நன்றின்னு சொன்னேன்."

"சொல்லி நிறுத்தியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே. நடுவருங்க வேற அங்கேயே நின்னுட்டிருந்தாங்க." அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கிரீஸ் மூக்கிலும் ஏறியது. "முதல் கியரை விட்டு மாத்தவே இல்ல. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, சத்தம் கேட்டுக்கிட்டே, இந்த இடம் வரைக்கும் உருட்டிக்கிட்டு வந்தேன். உயிரே என்கிட்ட இல்ல. இங்க யாரும் பாக்க மாட்டாங்கன்னு..."

சக்கரம் கழலும் என்று தெரிந்தே அவள் அந்த வண்டியில் ஏறியிருக்கிறாள். அவருடைய பேர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஐந்து நட்டில் அவர் அடித்த ஐந்து எழுத்தை விடவும் அவளுடைய கறுத்த கைகளைப் பார்ப்பது அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

"ஃபுமியே, நான் சொல்லிட்டேன்."

"என்னத்தை?"

"எல்லாத்தையும். மைக்குல."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் குவாபராவைப் பார்த்தாள். சங்கத் தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் இடுப்பு வளைய, தலையை நிமிர்த்தாமல் குனிந்து நின்றிருந்தார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என் இடுப்பு பிழைச்சிருக்கும்ல?" என்று ஃபுமியே உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மூன்று நட்டை அவள் இறுக்கியிருந்தாள். மிச்சம் இரண்டுக்கு அவளுக்குப் பலம் போதவில்லை. இசொகாய் சாலையில் மண்டியிட்டு ஸ்பேனரை மாட்டப் பார்த்தார். கை நடுங்கிய நடுக்கத்தில் அது நட்டில் உட்காரவே இல்லை. ஃபுமியே பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் கை மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"வலது பக்கம்" என்றாள், குவாபராவுக்கும் கேட்கும்படி.