கூரையில் ஒரு கொக்கி

பிரசவ அறைக்குள் நுழைந்ததும் எர்னெஸ்டீன் அண்ணாந்து பார்த்தாள். கொக்கி இருந்த இடத்தில் வெள்ளை வர்ணம் பூசியிருந்தது.

அந்தக் கொக்கியை நம்பித்தான் லவெர்னா இடுப்பு வலியோடு அரிசோனாவின் மண்சாலையெல்லாம் குலுங்கி இந்த மருத்துவமனைக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவத்தில் வேறோர் ஊரில் அவளை மல்லாக்கப் போட்டு, காலைத் தூக்கி மாட்டி, கத்தாதே என்று அதட்டியிருந்தார்கள். இந்த முறை நவஹோப் பழங்குடிப் பெண்கள் பெறுகிற மாதிரி, கூரைக் கொக்கியிலிருந்து தொங்கும் நெய்த சிவப்பு இடுப்புக் கச்சையைப் பிடித்துக் குந்தித்தான் பெறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எர்னெஸ்டீனைப் பிரசவத் துணைக்கு அழைத்ததும் அதற்குத்தான். குல முறையில் அவள் லவெர்னாவுக்குச் சின்னம்மா.

"கொக்கி எங்கம்மா?" என்றாள் எர்னெஸ்டீன்.

"கட்டடத்தைப் புதுப்பிச்சப்ப எடுத்தாச்சு. பாதுகாப்பு விதி," என்று தலைமை நர்ஸ் கேரல் சிரித்தாள். "கட்டில்ல கைப்பிடி இருக்கே, அதைப் பிடிச்சுக்கட்டும். உங்க பண்பாட்டு மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை."

"அந்த மரியாதைய வச்சு நாக்கா வழிக்கிறது?"

லவெர்னாவின் கணவன் டெல்வின், ஏதோ உதவுகிற நினைப்பில், கொண்டுவந்த கச்சையைக் கட்டில் கம்பியில் கட்டப் போனான்.

"அடப்பாவி, முடிச்சுப் போடாதடா! புள்ள வர்ற நேரத்துல அப்பன்காரன் முடிச்சுப் போடுவானா? வழி அடைச்சுக்கும்!"

அவன் சுட்டதுபோல் கையை உதறினான். எர்னெஸ்டீன் லவெர்னாவின் கூந்தல் முடிச்சையும் அவிழ்த்துவிட்டாள்.

"வாடி கண்ணு, கொஞ்சம் நடப்போம். அந்தக் கட்டிலப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வருது."

நடந்து நடந்து முன்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அங்கே கூரை உத்தரத்தில் பெரிய இரும்பு வளையம். அதில் புத்தம்புதுச் சிவப்புக் கச்சை ஒன்று நெடுக்கத் தொங்கியது. பக்கத்தில் சிரிக்கிற நவஹோத் தாயின் படம்; அடியில் 'உங்கள் மரபு, எங்கள் பெருமை'. நன்கொடையாளர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். பெறுகிறவளுக்கு இல்லாத வளையம் போகிறவர் வருகிறவருக்கு இருந்தது!

லவெர்னாவுக்குப் பெரிய வலி ஒன்று வந்தது. எட்டிக் கச்சையைப் பிடித்தாள்.

"தாங்குமா சின்னம்மா?"

எர்னெஸ்டீன் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். "என்னையே தாங்குது. உன்னத் தாங்காதா? குந்துடி."

கேரல் தலைதெறிக்க ஓடிவந்தாள். "ஐயோ, அதைத் தொடாதீங்க! அது காட்சிக்கு வச்சது!"

"காட்சிக்குத்தானே? நல்லாப் பாத்துக்கோ." எர்னெஸ்டீன் லவெர்னாவின் பின்னால் மண்டியிட்டு அவள் இடுப்பைத் தாங்கினாள். "பாத்தது போதும்னா, போய்க் கையுறைய எடுத்துக்கிட்டு டாக்டரக் கூட்டிட்டு வா."

லவெர்னா கத்தினாள். யாரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எர்னெஸ்டீன் கடித்தே வைத்திருப்பாள். டாக்டர் வந்து தரையில் முட்டி போட்டார். அந்தப் படத்துக்குக் கீழேயே பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் எர்னெஸ்டீன் தாய்க்கு நீலச் சோளக் கூழ் கொண்டுவந்தாள். முன்கூடத்தில் ஓர் ஆள் ஏணி போட்டு வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். படத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.