றிஸ்மி என்று பேர் வைத்த மெஷின்

அரிசி பாலிஷ் மெஷினின் இடது பக்கப் பெயாரிங்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மெயின் சுவிட்சுக்கு முன்னால் உம்மா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். மில் முதலாளி சாலிஹ் ஹாஜியாருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மெஷினை நிறுத்தினால் கட்டாரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வெளிப்பக்கம் இரும்புத் தொட்டிலில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கும் என் கூடப்பிறந்த மூத்தவன் றிஸ்மிக் காக்காவும் அந்த நொடியே நின்றுபோவான். இது மில்லில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிறுத்தாவிட்டால் தவிட்டுத் தூசி பற்றிக்கொண்டு மில்லே போய்விடும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

"சரீபா, வழிய உடு! மில்லு எரியப்போகுதுகா!"

"எரியட்டும் ஹாஜியார். மில்லத் திருப்பிக் கட்டலாம். என்ட புள்ள அந்தரத்துல நிக்கான்."

நான் காக்காவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். எங்கள் ஊரில் மதிய ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் சோறு தின்ன வந்துவிட்டார்கள். கட்டாரில் இன்னும் ளுஹர் பாங்கு சொல்லவில்லை. பாங்கு சொன்னால்தான் அவனை இறக்குவார்கள்.

இவ்வளவும் ஒரு பயிற்சியால் வந்தது. எங்கள் மில் காரைதீவைத் தாண்டி நிந்தவூருக்குப் போகிற வழியில், வயலோரமாக இருக்கிறது. போன வருசம்வரை அது ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். ஹாஜியார் ஆட்களுக்கு ஏசுவார், ஆட்கள் கரண்டுக்கு ஏசுவார்கள். உடைந்த பிறகு பார்ப்போம் என்பதுதான் வழக்கம். அப்போது, சிறிய தொழிற்சாலைகளில் உற்பத்தியைக் கூட்டுகிற ஒரு திட்டத்தில் பாண்டிருப்பிலிருந்து நிரோசன் சேர் வந்தார். ஆட்கள் சோம்பேறிகள் என்று நினைத்திருந்த ஹாஜியாருக்கு, நேரத்தைத் தின்றது ஆட்களல்ல, நின்றுபோன மெஷின்கள்தான் என்று காட்டினார். நெல் காயப்போடும் தளத்தில் எல்லோரையும் இருத்திப் பாடம் எடுத்தார். காலையில் சுவிட்சைப் போடுமுன் மெஷினைத் துடைக்க வேண்டும், துடைக்கும்போதே எங்கே வெடித்திருக்கிறது, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும், ஓடும்போது சூட்டையும் சத்தத்தையும் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும், கட்டினால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கழற்றிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. "சொந்தப் புள்ளையப் போலப் பாருங்க, பேர் வெச்சாலும் எனக்குப் பரவாயில்ல" என்று ஒரு பகிடிக்குச் சொன்னார். வேறு ஊர்களில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மெஷினில் நம்பர் எழுதினார்களாம்.

எங்கள் ஆட்கள் அப்படி விடவில்லை. பிள்ளையென்றால் ஏழாம் நாள் பேர் வைக்க வேண்டும், தலைமுடி இறக்க வேண்டும்.

"மெஷினுக்கு எங்க சேர் முடி?" என்று கேட்டான் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டருக்குப் பொறுப்பான ஸஜாத்.

"பழைய கிரீஸ வழிச்சு எறக்கு, அதான் முடி" என்றார் சேர், அவரும் சும்மா.

ஏழாம் நாள் வந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் மெஷினில் வருசக்கணக்காய் இறுகிக் கிடந்த கறுப்புக் கிரீஸை வழித்தெடுத்தார்கள். பிள்ளையின் முடியை நிறுத்து அந்த எடைக்கு வெள்ளி தர்மம் கொடுப்பதுபோல, கிரீஸை நிறுத்து அந்த எடைக்கு அரிசி கொடுத்தார்கள். மௌலவியிடம் கேட்டதற்கு, பிள்ளையின் காதில் சொல்கிற பாங்கு மட்டும் சொல்லப்படாது என்று சொல்லிவிட்டார். ஆகவே எண்ணெய் ஊற்றும் ஓட்டையில் வாயை வைத்துப் பேரை மட்டும் சொன்னார்கள். ஸஜாத் எலிவேட்டருக்குத் தன் பெண்சாதியின் பேரை, மேனுஜா என்று வைத்தான். "வீட்டுல ஏலாம இஞ்ச வெச்சு ஓட்டப் பாக்கான்" என்று எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவுக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆள் இல்லை. வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய், காக்கா கட்டாருக்குப் போய், அவள் கைகள் வேலையில்லாமல் இருந்தன. பாலிஷ் மெஷினுக்கு அவள் றிஸ்மி என்று பேர் வைத்தாள்.

அடுத்த நாள் ஸஜாத் எலிவேட்டரின் தொய்ந்துபோன வாரை இழுத்துக் கட்டினான். அதே நேரம் வீட்டில், பிள்ளை பெற்றதிலிருந்து நிமிர முடியாமல் கிடந்த மேனுஜா எழும்பி நேராக நின்று கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். அன்று பொழுதுபட்டு மஃரிபுக்கு மில்லை நிறுத்தியபோது காக்கா தொட்டிலில் நின்றபடியே தூங்கிப்போனான். அங்கே அது பின்னேரம், வெயில் நேரம். கூட இருந்த நேபாளப் பொடியன் அவனைப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கினான். கம்பனி எச்சரித்தது. இன்னொரு நாள் வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது இங்கே கரண்ட் போனது. "உம்மா, எனக்கு இஞ்ச இரிக்க" என்றவன் வாய் திறந்தபடி நின்றான். கரண்ட் வந்ததும் "ஏலா" என்று முடித்தான். நடுவில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

உம்மா ஹாஜியாரிடம் போய் அழுதாள். உற்பத்தி எப்படியும் கூடியிருந்தது, அவர் ஜெனரேட்டர் ஒன்று எடுத்து, இரவு வேலையும் தொடங்கினார். அதன் பிறகு எங்கள் மில் கட்டார் நேரத்துக்குத் தூங்கியது. வெள்ளிக்கிழமைகளில் மில் பூட்டு, காக்காவுக்கும் லீவு. அவன் வெள்ளி முழுக்கத் தூங்குவான். அரிசி உடைவது குறைந்தது. வேறு மில்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் நாங்கள் துடைப்பதையும் எண்ணெய் விடுவதையும் பற்றி மட்டும் சொன்னோம்.

மழை தொடங்கிய மாதத்தில் மெஷினிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அரிசியைச் சாக்கில் பிடிக்கிறேன், அதனால் எனக்கும் கேட்டது. கர்ரென்று ஒரு முனகல், காக்கா நித்திரைக்கு முன்னால் முனகுவதுபோல. அந்த நாட்களில் அவன் ஒவ்வொரு போனிலும் ஒரே கேள்வியோடுதான் முடிப்பான்: "உம்மா, வந்திரட்டா?" போறதுக்கு வாங்கின கடன் முடியட்டும் மகன் என்பாள் உம்மா. மறுநாள் முனகல் கூடும். சத்தம் கேட்டால் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று உம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கட்டினால் கழற்றுவார்கள். பிள்ளையைக் கழற்ற யார் விடுவார்கள்? அவள் எண்ணெய் விட்டாள், துடைத்தாள், பெயாரிங்கின் மேல் கையை வைத்து ஓதி ஊதினாள். பிள்ளைக்கு லேசான காய்ச்சல்தான் என்று என்னிடம் சொன்னாள். சிவப்புத் துணி அவள் முந்தானையில் முடிந்தபடியே இருந்தது.

அப்படித்தான் அந்தப் புகை வந்தது.

நல்ல வேளை, அன்று நிரோசன் சேர் மில்லைப் பார்க்க வந்திருந்தார். உம்மாவையும் புகையையும் ஒரே பார்வையில் பார்த்தார். இப்படி ஒன்று நடக்கிறது என்று அவரும் கேள்விப்பட்டுத்தான் இருந்தார், ஆனால் ஒருநாளும் எங்களிடம் கேட்டதில்லை.

"ஹாஜியார், கத்தாதீங்க. நிப்பாட்டவும் வேணாம், இப்படியே உடவும் ஏலாது. உள்ள அரிசி போறத மட்டும் அடைங்க, வெறுமையா ஓடட்டும். தவிட்ட அள்ளுங்க. பெயாரிங்ல தண்ணி மட்டும் ஊத்தப்படா."

ஸஜாத் மணல் வாளியோடு நின்றான். மற்றவர்கள் ஈரச் சாக்கால் தவிட்டை ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஹாஜியார் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு வெறும் சாக்கால் பெயாரிங்குக்கு விசிறினார், விசிறிக்கொண்டே என்னிடம் "அங்க பாங்கு சொல்லிட்டாங்களா புள்ள? பாரு புள்ள" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உம்மா சுவிட்சை விட்டு அசையவில்லை. "கொஞ்சம் பொறு மகன், எறங்கிரு மகன்" என்று மெஷினைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் முனகலைத் தாண்டிக் கதறலாகிவிட்டது. நான் திரும்பத் திரும்பப் போனை அமுக்கினேன். நான் எதற்காக துஆ கேட்டேன் என்றுகூட நினைவில்லை.

போன் அடித்தது.

"என்னடி நிப்லா, இவ்வளவு போன் கோல்? உடம்பெல்லாம் நெருப்பா இரிக்கி எனக்கு."

"எங்க நிக்காய் காக்கா?"

"கீழ. தொழப் போறன்."

"நிக்காத! சுவரோட சாஞ்சு இரி! இப்ப இரி!"

"விசரா ஒனக்கு?" என்றான். பிறகு, "சரி, இரிந்துட்டன்."

உம்மா திரும்பி, தன் கையாலேயே சுவிட்சை இறக்கினாள். மெஷின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது, நீளமாக, முனகலில்லாமல்.

அன்று பின்னேரமே கழற்றினார்கள். அக்கரைப்பற்றிலிருந்து புதுப் பெயாரிங் வந்தது. சுன்னத்து வைக்கும் கத்னாவுக்குப் பிள்ளையைப் பிடிப்பதுபோல உம்மா மெஷினின் தண்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழையது வெளியே வரும்போது ஒரு தடவை கிறீச்சிட்டது. புதியது மெதுவாக உள்ளே போனது. கட்டாரில் காக்காவைக் கூட்டாளிமார் அறைக்குத் தூக்கிப் போய்ப் படுக்க வைத்திருந்தார்கள். நிரோசன் சேர் தண்டை முதலில் கையால் சுற்றிப் பார்த்தார். காக்கா புரண்டு படுத்தானாம்.

மறுநாள் சுவிட்சைப் போட்டோம். காக்கா கண்ணைத் திறந்து, முகம் கழுவி, வேலைக்குப் போனான். மெஷினில் அந்தச் சத்தமே இல்லை. ஹாஜியார் எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தார்.

இது நடந்து இப்போது நோன்பும் வந்துவிட்டது. காக்கா நன்றாக இருக்கிறான். காய்ச்சல் இல்லை, களைப்பு இல்லை, அவனை மேற்பார்வையாளனாக்கியிருக்கிறார்கள். சொன்ன நேரத்துக்குப் போன் எடுக்கிறான், எல்லோருக்கும் ஸலாம் சொல்கிறான், சொன்ன நேரத்துக்கு வைக்கிறான். வந்திரட்டா என்று மட்டும் கேட்பதில்லை. போன கிழமை உம்மாவே கேட்டாள்: "எப்ப மகன் வாறாய்?"

"என்னத்துக்கும்மா?" என்றான். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

உம்மா போனை என்னிடம் தந்துவிட்டு மெஷினைத் துடைக்கப் போனாள். அன்றுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிவப்புத் துணியில் சுற்றியிருந்த பழைய பெயாரிங்கை என் கையில் வைத்தாள். கழற்றிய சாமானை மில்லில் வைத்திருக்கக் கூடாது, என்றைக்காவது யாராவது அதையே திருப்பிப் பூட்டிவிடுவார்கள் என்பது சேரின் பயிற்சி. "நான் காணாத இடத்துல எறிஞ்சிரு" என்றாள்.

எறியவில்லை. கடலில் எறிய ஒலுவில் துறைமுகம்வரை கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவந்தேன். பழைய இரும்பு எடுக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு போனபோது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். எங்கள் வீட்டில் அது என் உடுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கட்டாரில் விடியும்போது லேசாகச் சுடுகிறது. விரலை விட்டுச் சுற்றினால் முனகுகிறது. காதில் வைத்தால் அந்த முனகலுக்குள்ளே ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது, நான் அதற்கு வா காக்கா என்று சொல்லலாமா?