அளக்க வந்த கமராக்கள்

மானிப்பாய்த் தபாற்கந்தோரில் வேலை செய்யும் தக்சாயினி தன் பெரிய கமராவை விற்றுவிட்ட செய்தி, ஒளிப்படக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் இழவுச் செய்தி போலப் பரவியது. இரண்டு பேர் அழுகிற முகம் போட்டார்கள்.

அந்தக் கமராவும் மூன்று லென்ஸும் சேர்ந்து ஐந்து கிலோ. பஸ்ஸில் ஏறினால் அதற்கும் ஓர் இருக்கை வேண்டும். மழைக்குப் பயம், தூசிக்குப் பயம், திருவிழாவில் சனம் இடித்துவிடும் என்ற பயம். வருடத்தில் பத்து மாதம் அது அலுமாரிக்குள் தலையணை உறையில் தூங்கியது. இப்போது அவளிடம் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற சிறிய கமரா. சுரிதாரின் பையில் போட்டுக்கொண்டு கடைக்கும் கந்தோருக்கும் போனாள். போன வருடம் முழுக்க எடுத்த படங்களைவிட இந்த ஒரு மாதத்தில் எடுத்தவை அதிகம்.

கழகத் தலைவர் மயூரதனுக்கு இது பிடிக்கவில்லை. கொக்குவிலில் பல் வைத்தியர். அவருடைய லென்ஸ் ஒரு முழ நீளம். படத்தைக் காட்டுவதற்கு முன்னரே லென்ஸின் விலையைச் சொல்லிவிடுவார். விலையைக் கேட்ட பிறகு படத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

"தங்கச்சி, உது சின்னப்பிள்ளையள் விளையாடுற சாமானெல்லோ?" என்றார்.

"ஓம் அண்ணை. அதுதான் எந்த நேரமும் விளையாட மனம் வருது."

ஒரு ஞாயிறு காலை, வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம், கழகம் மயிலிட்டித் துறைமுகத்தில் போய் இறங்கியது. ஏழு ஆண்கள் ஏழு கமரா முக்காலிகளை வரிசையாக நாட்டினார்கள். மயூரதன் ஒற்றைக் கண்ணை மூடித் தூரத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!" என்று கையசைத்தார்.

கால் மணித்தியாலத்தில் மீனை விட்டுவிட்டுச் சனம் இவர்களைச் சுற்றிக் கூடியது. முன்னால் வந்தவர் அற்புதராணி. எழுபது வயதிருக்கும். போரில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிப் பல வருடமாகியும் அவருடைய காணி மட்டும் இன்னும் இராணுவத்திடமிருந்து விடுபடாமல் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. முக்காலிகளைக் கண்ட யாரோ காணி அளக்க ஆக்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்ல, வீட்டுக்கு ஓடிப்போய்க் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, என்ரை துண்டையும் அளப்பீங்களோ? கிணறும் அதுக்குள்ளைதான் கிடக்கு."

மனுசி பிழையாக விளங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது மயூரதனுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த முகத்துச் சுருக்கங்களில் விழுந்த காலை வெயில் அதைவிட நன்றாகத் தெரிந்தது.

"அம்மா, உறுதியை நெஞ்சுக்கு முன்னாலை பிடியுங்கோ. இன்னும் கொஞ்சம் உயர்த்தி. எங்களைப் பாக்காதேங்கோ, கடலைப் பாருங்கோ."

அளப்பதில் இப்படியும் ஒரு நடைமுறை இருக்கும் என்று நம்பி, அற்புதராணி கடலைப் பார்த்தார். ஏழு கமராக்களும் சடசடத்தன.

தக்சாயினிக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போனாள்.

"அம்மா, இவை காணி அளக்கிற ஆக்களில்லை. படம் எடுக்கிற ஆக்கள்."

அற்புதராணியின் கை மெதுவாக இறங்கியது. ஏழு முக்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"படம் எடுக்கவோ? அதுக்கு என்ன கோதாரிக்கு இவ்வளவு சாமான்?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தக்சாயினியிடம் திரும்பினார்.

"நீயும் உவையோடையோ, பிள்ளை?"

"ஓம்" என்று வெட்கத்தோடு கமராவை எடுத்துக் காட்டினாள்.

"உது இந்த உறுதியை எழுத்துத் தெரியிற மாதிரி எடுக்குமோ? போற கந்தோரெல்லாம் கொப்பி கேக்கினம். விரிச்சு விரிச்சு மடிப்பெல்லாம் கிழியுது."

மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் உறுதியை விரித்து, பதினொரு பக்கங்களையும் தக்சாயினி எடுத்தாள். காற்றில் தாள் பறக்காமல் ஓரத்தை அற்புதராணி விரலால் அழுத்திப் பிடித்ததால், எல்லாப் பக்கத்திலும் அவருடைய விரலும் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து நடந்த கழகக் கண்காட்சியில் மயூரதனின் படம் கதவளவு பெரிதாகத் தொங்கியது. தலைப்பு, 'காத்திருப்பின் ரேகைகள்'. கீழே கமராவின் பெயரும் லென்ஸின் பெயரும் இருந்தன. அற்புதராணியின் பெயர் இல்லை. கண் இமைகூடத் தனித்தனியாகத் தெரிய, மற்றதெல்லாம் மங்கிக் கரைந்திருந்த அழகைப் பிரதம விருந்தினர் வியந்து பாராட்டினார். உறுதியும் அந்த மங்கலுக்குள் போயிருந்தது. ஓர் எழுத்தும் வாசிக்க முடியாது.

"நீர் அண்டைக்கு என்ன எடுத்தனீர்?" என்று மயூரதன் தக்சாயினியிடம் கேட்டார்.

"அவவின்ரை உறுதியை."

"உதுவும் ஒரு படமோ!"

அருகில் நின்றவர்கள் தலைவரோடு சேர்ந்து சிரித்தார்கள். தக்சாயினி அங்கே நின்றபடியே வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினாள்.

அடுத்த சனிக்கிழமை, உறுதியின் அச்சடித்த பிரதிகளோடு மயிலிட்டிக்குப் போனாள். அற்புதராணி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வடக்கு கடற்கரை. கிழக்கு சிமியோன் வளவு. தெற்கு ஒழுங்கை... எல்லாம் வடிவாத் தெரியுது, பிள்ளை. இன்னொரு செற் அடிச்சுத் தாவன். செவ்வாய்க்கிழமை திரும்பவும் காணிக் கந்தோருக்குப் போகவேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயும் வாறியோ? கதைக்க ஒராள் வேணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வேலை நாள்.

"வாறன்" என்றாள்.