உட்பகுதிகளில் பிற்பகல் மழை

மே மாதத்தில் ஜோகூரின் வானிலை பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும். கரையோர ஊர்களில் வெயில் காயும். உட்பகுதி ஊர்களில் காலையில் வெயில் காய்ந்து, மதியத்துக்கு மேல் இடி இடித்துக் கொட்டும். எங்கள் ஊர் லாயாங் லாயாங் உட்பகுதியில் இருக்கிறது. எங்கள் வீட்டு வரிசையில் இதை ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்தான். அடுத்த வீட்டு செல்வா.

அவருக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. வாரம் முழுக்க ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டுவார். மழைச்சட்டை மாட்டுவதா வேண்டாமா என்பதை அவருடைய கைப்பேசி சொல்லும். அது சொன்னால் சொன்னதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மாமியார் ராஜம்மா கரையோர ஊரான மெர்சிங்கிலிருந்து வருவதாக இருந்தது. அங்கே மகன் மூர்த்தியோடு இருந்தவர். மூர்த்திக்குக் கூச்சிங்குக்கு மாற்றலாகிவிட்டது. ராஜம்மா மகனோடு கூச்சிங் போவதா, மகள் பிரேமலாவிடம் வந்துவிடுவதா என்பதுதான் கேள்வி. அம்மா கடல் தாண்டிப் போவதில் பிரேமலாவுக்குத் துளியும் விருப்பமில்லை. ராஜம்மா தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

"உங்க வீடு ஒழுகும். வந்து பாக்கறேன். ஒழுகுச்சின்னா நான் கூச்சிங்."

அதனால் செல்வா, மாமியார் வரும் அன்றே கூரையை மாற்றினார். அவருக்கு விடுமுறை அன்றுதான்.

கூரை வேலைக்கு வந்த இருவரும் பாதிப் பாதியாகக் கழற்றலாம் என்றார்கள். முழுக்கக் கழற்றினால்தான் வேலை சீக்கிரம் முடியும் என்றார் செல்வா. நான் வேலியோரம் நின்று, காலை வானொலியில் கேட்டதைச் சொன்னேன்.

"உட்பகுதியில பிற்பகல் இடி மழையாம் செல்வா. கரையோரத்துல மட்டும்தான் இல்லையாம்."

"மணியம் அண்ணே, ஜோகூருக்கு மூணு பக்கமும் கடலு. இதுல உள்பக்கம் எங்க இருக்கு? போன்ல மழையே காட்டல லா."

ராஜம்மாவும் பேருந்து ஏறும்போது கூப்பிட்டு, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றாராம். செல்வா அதையும் எனக்குச் சாட்சியாகச் சொன்னார். பழைய தகரம் முழுவதும் இறங்கியது. குளுவாங் பேருந்து நிலையத்திலிருந்து அம்மாவை அழைத்து வரப் பிரேமலா காரை எடுத்துக்கொண்டு போனார்.

புதுத் தகரம் சமையலறைக்கு மேலே ஏறி முடிந்தபோது செம்பனைத் தோட்டத்துப் பக்கம் கறுத்தது. முதல் இடிக்கே வேலைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். இடி இடிக்கும்போது கையில் தகரத்தோடு மேலே நிற்க முடியாது என்றார்கள். அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

என்னிடம் தார்ப்பாய் மாதிரி ஒரு கன்வாஸ் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏதாவது ஒன்றைத்தான் மூடலாம். கூடத்தில் பெரிய தொலைக்காட்சியும், போன மாதம் வாங்கிய சோபாவும் இருந்தன.

"டிவிய மூடு செல்வா."

அவர் காதில் வாங்கவில்லை. கன்வாஸைப் பின்னறைக்கு இழுத்துப் போனார். அங்கே ராஜம்மாவுக்கென்று ஒரு கட்டிலும் புது மெத்தையும் போட்டிருந்தார்கள். நாலு மூலையையும் இழுத்து மெத்தைக்கு அடியில் செருகி முடிக்கவும் மழை வீட்டுக்குள் இறங்கவும் சரியாக இருந்தது.

சமையலறையில் போய் நின்றுகொண்டோம். செல்வா கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்.

"இன்னமும் வெயிலுன்னுதான் காட்டுது."

வாங்கிப் பார்த்தேன்.

"இது ஊட்லண்ட்ஸ்னு போட்டிருக்கே."

"ஆமா. பாலத்துக்கு அந்தப் பக்கம். நான் வேலைக்குப் போற வழி."

"நாம இருக்கிறது லாயாங் லாயாங்."

செல்வா கைப்பேசியை வாங்கி மறுபடியும் பார்த்தார். கூடத்திலிருந்து ஒரு செருப்பு மிதந்து வந்தது.

"ஐயோ, அலமாக்," என்றார் மெதுவாக. பிறகு, "அங்க மழையில்லண்ணே," என்றார். கைப்பேசியைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மழை தூறலான நேரத்தில் கார் வந்து நின்றது. ராஜம்மா குடையோடு இறங்கி, குடையோடு வீட்டுக்குள் வந்தார். மடக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். வானம் தெரிந்தது.

"ஒழுகுதான்னு பாக்க வந்தேன்," என்றார்.

பிரேமலா வாசலில் நின்று கணவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"அம்மா, இன்னிக்கு மட்டுந்தாம்மா. கூரைய மாத்திக்கிட்டு இருக்காங்க."

"தெரியுது. என் ரூம் எங்க?"

செல்வா முன்னால் நடந்தார். கன்வாஸை விலக்கினார். ராஜம்மா மெத்தையின் மீது கை வைத்துப் பார்த்தார், தலைமாட்டிலும் கால்மாட்டிலும். திரும்பிக் கூடத்துப் பக்கம் பார்த்தார். தொலைக்காட்சியின் அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ள, இருந்தது ஒரு கன்வாஸா?"

"ஒண்ணுதான் அத்தை. அதுவும் மணியம் அண்ணன் குடுத்தது."

"டிவி போச்சா?"

"போச்சு அத்தை."

ராஜம்மா குடையைச் செல்வாவிடம் கொடுத்துவிட்டு மெத்தையில் உட்கார்ந்தார். செல்வா அதை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். மூர்த்தியிடமிருந்து அழைப்பு வந்தது.

"வந்து சேந்துட்டேன்பா... இல்ல, ஒழுகல. ஒழுகறதுக்குக் கூரை வேணுமில்ல... நீ உனக்கு மட்டும் டிக்கெட்டு போடு. நான் இங்கயே இருக்கேன். இந்த மாப்பிள்ளையத் தனியா விட்டுட்டு வர்றதுக்கில்ல."

பேசி முடித்ததும் பையைத் திறந்தார். நனைந்து நின்ற மகளுக்கு ஒரு காய்ந்த புடவையை எடுத்து நீட்டினார்.