தள்வி குடும்பம் கடலுக்குப் போன விதம்

கேதகிக்குக் கல்யாணமாகி ஏழாவது மே மாதம் இது. கடலில் இன்னும் கால் நனைக்கவில்லை. சுற்றிலும் பருத்திக்காடு தவிர வேறெதுவும் இல்லாத யவத்மாளில் பிறந்தவள். அங்கேயே இருந்திருந்தால் இது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. ஆனால் அவள் வாழ்க்கைப்பட்டது கொங்கணத்துத் தள்வி குடும்பத்தில். குடியிருப்பது டோம்பிவலியில். ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் மும்பைக் கடல்.

அந்தக் கடலைப் பார்க்கத்தான் அவளுக்குத் தடை. தடை போட்டவன் புருஷன் நந்து. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக்குப் போய்வரலாமா என்று அவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். நந்து தன் குலத்தையே யாரோ பழித்துவிட்ட மாதிரி பார்த்தான்.

"மும்பையில இருக்கறதெல்லாம் ஒரு கடலா? உன் கால் முதல்முதல்ல எங்க ஊர்க் கடல்லதான் படணும். மே மாசம் போறோம்ல, பொறு."

பொறுத்தாள். மே மாதம் ஒழுங்காக வந்தது. ஆறு தடவை வந்தது.

மால்வண் பக்கம் ஆட்வணே என்கிற ஊரில் தள்விகளின் பூர்வீக வீடு. முதல் வருடம் வந்திறங்கிய அன்று மதியமே, வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓயாமல் ஒரு இரைச்சல் வருவதைக் கேட்டு அது என்னவென்று விசாரித்தாள். கடல் என்றார்கள். முந்திரித் தோப்பைத் தாண்டினால் கால் மணி நேர நடை என்றார்கள். அப்படியானால் இப்போதே போகலாமே என்றதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அது பீச் இல்லையாம். அது வெறும் ஊர்க்கரை. படகு கிடக்கும், வலை காயும், கருவாடு நாறும். விருந்தாளியை யாராவது அங்கே கூட்டிப்போவார்களா? பார்க்கத் தகுந்த கடற்கரைகள் இந்த ஓரமாக வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கிதான் ஆறு வருடமாக நின்றது.

மாமனாரை எல்லாரும் பாபா என்றுதான் கூப்பிடுவார்கள். பாபாவின் கட்சி கேர்வாடி. 1974-இல் அங்கே போயிருக்கிறாராம். அப்போது மணல் சர்க்கரை மாதிரி இருந்ததாம். அதற்கப்புறம் போனதில்லை, போனால் அந்த அபிப்பிராயம் கெட்டுவிடலாம் என்பதாலோ என்னவோ. நந்துவின் அண்ணன் விஸ்வாஸ் தாதாவுக்கு சாக்ரி. அங்கேதான் தாழம்புதர் ஓரமாகக் காரை நிழலில் நிறுத்தலாம். கார் வாங்கியதிலிருந்து உலகத்து இடங்களையெல்லாம் அவர் நிழலை வைத்தே எடைபோட்டுவந்தார். பாபாவின் தம்பி வசந்த் காகாவுக்கு முண்டல். முண்டலில் ஒரு சாப்பாட்டுக் கடை, அதில் ரவை புரட்டிப் பொரித்த வஞ்சிரம். கடலும் உண்டாம், மூன்றாவது மேசையில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகத் தெரியும். நந்துவுக்கு ஆம்பேகாட். அது யாருக்குமே தெரியாத ரகசியக் கடற்கரை. அப்படித்தான் அவன் பார்த்த வீடியோவில் சொன்னார்கள், அதை நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

மாமியார் எந்தக் கட்சியும் இல்லை. அவர் ஆண்டுதோறும் விடியலில் எழுந்து இலை மாதிரி மெல்லிசாக அரிசி தோசை வார்த்து, சட்னி அரைத்து, புளிப்பான கோகம் பழச் சர்பத் கலந்து, எல்லாவற்றையும் தூக்கில் அடைத்துக் கொடுப்பார். விவாதம் முற்றி, மதியம் மூன்றரைக்கு அதே தூக்கைப் பலாமரத்தடியில் பிரித்து எல்லாருமாகச் சாப்பிடுவார்கள். மூன்றாம் வருடம் மட்டும் பெரிய முன்னேற்றம்: கார் கிளம்பிவிட்டது. கேர்வாடிக்கும் சாக்ரிக்கும் பிரிகிற முக்கில் ஒன்றேகால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது. அன்று தோசையைக் காரிலேயே சாப்பிட்டார்கள். அதைச் சுற்றுலா என்றுதான் குடும்பம் இன்றுவரை சொல்கிறது.

இதிலெல்லாம் கேதகிக்குச் சிரிப்புகூட வந்திருக்கும், தங்கை பல்லவி மட்டும் இல்லையென்றால். முதல் மே முடிந்ததும் யவத்மாளிலிருந்து போன் வந்தது. "கடல் எப்படி இருந்துச்சுக்கா?" பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். நன்றாக இருந்தது என்று சொல்லிவைத்தாள். பல்லவி அத்தோடு விடுகிற ஆளில்லை. அதனால் அடுத்த வருடம் நீலம், பச்சை என்று நிறங்களைச் சேர்த்தாள். நாலாம் வருடம் டால்பின்கள் வந்தன. போன வருடம் சூரியன் மறைந்ததை அவள் வருணித்ததைக் கேட்டு மறுமுனையில் பல்லவியின் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகத் தகவல்.

அந்தப் பல்லவி இந்தச் சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளோடு ஆட்வணேக்கே வருகிறாள். எந்தக் கடற்கரை என்பதை அக்காவே முடிவு செய்யட்டும், அவளுக்குத் தெரியாத கடலா என்று சொல்லிவிட்டாள். இன்று புதன். அதற்குள் கேதகி ஒரு கடலையாவது நேரில் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் அலையைக் கண்டு பல்லவியின் பிள்ளைகளுக்கு முன்னால் பெரியம்மா அலறி ஓடுவாள். ஆறு வருடத்துப் பொய்யும் ஒரே நொடியில் சந்தி சிரிக்கும்.

இதையெல்லாம் வெளியே சொல்லாமல், இன்றைக்குப் போயே தீர வேண்டும் என்று மட்டும் காலையில் சொன்னாள். குரலில் என்ன இருந்ததோ, நாலு ஆண்களும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: ராவள்நாதரிடமே கேட்டுவிடுவது.

ஆட்வணேயில் கிணறு வெட்டுவதானாலும் பெண்ணைக் கொடுப்பதானாலும் ஊர்த்தெய்வம் ராவள்நாதரிடம் கௌல், அதாவது பூ உத்தரவு, கேட்காமல் நடக்காது. சாமியின் வலப்பக்கமும் இடப்பக்கமும் நனைத்த பூவிதழை ஒட்டவைத்து வேண்டுவார்கள். வலது முதலில் விழுந்தால் சரி. இடது விழுந்தால் கூடாது. பூசாரி பாப்பி குரவ் முப்பது வருடமாக இதழ் ஒட்டுகிறவர். இவர்கள் கேட்கவந்த கேள்வியைக் காதில் வாங்கியதும் எல்லாரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, எருமை காணாமல்போனதற்கும் சாமி பதில் சொல்லியிருக்கிறார், இதற்கும் சொல்வார் என்றார்.

கையைக் கூப்பி ராகம்போட்டு ஆரம்பித்தார். "ஏ தேவா மகாராஜா, உன் பிள்ளைங்க தள்வி வீட்டுக்காரங்க மும்பையிலேர்ந்து வந்திருக்காங்க..."

"ஆமா மகாராஜா" என்றது குடும்பம்.

"ஆறு வருசமா ஒரு கடற்கரைக்குப் போய்ச்சேர முடியலையாம்..."

"ஆமா மகாராஜா" என்றது குடும்பம், கொஞ்சம் சுருதி இறங்கி.

"வழி தெரியாம இல்ல, வண்டி இல்லாம இல்ல, ஒருத்தன் பேச்சை ஒருத்தன் கேக்காம..."

பாபா லேசாகக் கனைத்தார். குரவ் கேர்வாடிக்கு வந்தார்.

கேர்வாடிக்கு இடது இதழ் விழுந்தது. 1974 முடிந்துபோய்விட்டதைச் சாமி கவனித்திருக்கிறார் என்றார் விஸ்வாஸ் தாதா. சாக்ரிக்கும் இடது. சாமிக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் முணுமுணுத்ததைக் கோயில் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்பேகாட்டுக்கு இடது, அதுவும் ஒட்டிய வேகத்தில். நந்து போனை எடுத்து அந்த வீடியோவைப் பார்த்தான், சாமிக்கே காட்டிவிடலாமா என்பதுபோல.

முண்டலுக்கு வைத்த இதழ்கள் இரண்டுமே விழவில்லை. பத்து நிமிடம் போனது. அரை மணி போனது. வஞ்சிரம் என்பதால் சாமி யோசிக்கிறார் என்றார் காகா. விழாமல் இருப்பதே சம்மதம்தான் என்றும் வாதாடிப் பார்த்தார், குரவ் ஒத்துக்கொள்ளவில்லை. கௌலுக்கு நடுவில் எழுந்துபோகவும் கூடாது. பன்னிரண்டரைக்கு மாமியார் தூக்கைத் திறந்தார்.

தூணில் சாய்ந்திருந்த கேதகிக்குத் தோசை இறங்கவில்லை. இந்த வருடமும் தோசை திறந்தாகிவிட்டது. தோசை திறந்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் குடும்பத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. கோயிலின் பின்சுவருக்கு அப்பாலிருந்து அந்த இரைச்சல் வந்துகொண்டே இருந்தது.

ஒரு வழியாக இதழ் விழுந்தது. இடது. காகா வாயிலிருந்த தோசையை மெல்லுவதை நிறுத்தினார்.

கேதகி எழுந்து குரவிடம் போனாள். வாழவந்தவள் கேட்டால் சாமி பதில் சொல்லுவாரா என்று கேட்டாள்.

"ஏன் சொல்ல மாட்டாரு? இந்தக் கூட்டத்துல இன்னும் வாயே திறக்காதது நீ ஒருத்திதான். என்னன்னு வைக்கட்டும்?"

"எந்த பீச்சுன்னு கேக்க வேணாம். நான் இன்னிக்குக் கடல் பாக்கலாமான்னு மட்டும் கேளுங்க."

குரவ் இதழ்களை நனைத்து ஒட்டினார். வேண்டுதலைப் பாதி கூடச் சொல்லியிருக்க மாட்டார். வலது இதழ் உதிர்ந்து சாமியின் காலடியில் கிடந்தது.

குடும்பத்துக்கு ஒரே மகிழ்ச்சி. பாபா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியே உத்தரவு கொடுத்துவிட்டார், இனி எந்தக் கடற்கரை என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்றார் தாதா. கேர்வாடியைப் பற்றி முதலில் கேட்டதால் சாமி சரியாகக் கவனித்திருக்க மாட்டார் என்று பாபா சந்தேகத்தைக் கிளப்பினார். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

கேதகி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போறே?" என்றான் நந்து.

"சத்தம் வர்ற பக்கம்."

"அது ஊர்க்கரை கேதகி. அது பீச்சே இல்ல."

"சாமி எங்கிட்ட பீச்னு சொல்லலைங்க. கடல்னுதான் சொன்னாரு."

முந்திரித் தோப்புக்குள் ஒற்றையடிப் பாதை. கால் மணி நேரம் என்றார்கள். பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது. தோப்பு முடிந்த இடத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அது இருந்தது. சொன்னது பொய்யில்லை: படகுகள் குப்புறக் கிடந்தன, நீலவலைகள் காய்ந்தன, நாற்றம் மூக்கைத் துளைத்தது. நிறம் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பால் குறைவாக விட்ட டீ மாதிரி இருந்தது. டால்பின்களைக் காணோம்.

"ஏ பொண்ணே, எங்கயோ பாத்துக்கிட்டு கூனி மேல மிதிக்காத" என்று கூனி இறாலை மணலில் காயப்போட்டிருந்த ஒரு மீனவப் பெண் அதட்டினாள். "கடல் எங்கயும் ஓடிப்போகாது."

கேதகி கூனியைச் சுற்றிக்கொண்டு போய், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஈரமணலில் நின்றாள். அலை வந்தது. அலறுவதற்கு முன்பே முழங்காலை நனைத்துவிட்டது. அப்புறம் திரும்பிப் போகும்போது அது காலுக்கு அடியிலிருந்த மணலை உருவிக்கொண்டு போனது. நின்ற இடத்திலேயே நின்றபடி அவள் எங்கோ நகர்வது போலிருந்தது. இதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. டிவியிலும் வந்ததில்லை.

தோப்பு விளிம்பில் நாலு ஆண்களும் வந்து நின்றார்கள். மணலில் இறங்கவில்லை. இது போனதாகக் கணக்கில் வருமா வராதா என்று அங்கே பேச்சு ஆரம்பமாகியிருந்தது. "கேதகி, இதை முதல் தடவைன்னு வெச்சுக்காத" என்று நந்து கத்தினான். "அடுத்த மே மாசம் ஒழுங்கான இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் போனை எடுத்துப் பல்லவியைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை எங்கே போகிறோம் என்பது முடிவாகிவிட்டது, வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது என்றாள். டீ நிறத்தைச் சொன்னாள். நாற்றத்தைச் சொன்னாள். காலடி மணல் ஓடுவதைச் சொல்லும்போது வார்த்தை சரியாக அமையவில்லை. திருப்பி ஒருமுறை சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் கடலைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது.

மறுமுனையில் பல்லவி எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா," என்றாள் கடைசியில், "போன வருஷம் நீ போன பீச் இதைவிட எவ்வளவோ நல்லா இருந்துச்சே. நாம அங்கயே போயிடலாமே."