பெயிண்டுக்கு அடியில் மூன்று கோடுகள்

நூலகத்து மாடிப்படியின் கைப்பிடிக்குக் கீழே நாற்பத்தேழு மரக் கடைசல் கால்கள் இருக்க வேண்டும். ஒன்பது உடைந்து போயிருந்தன. அச்சு அசலாக ஒன்பது செய்து தந்தால் பழசு பிழைக்கும். இல்லையென்றால் அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்டீல் குழாய் போடுவேன் என்றார் நூலகத்தைப் புதுப்பிக்கும் இன்ஜினியர். கடைசல் பட்டறை முதலாளியான அண்ணன் தங்கச்சியிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னான்.

"இதுவும் சொதப்புச்சுன்னா சிஎன்சி மெஷினை வித்துடுவேன். நீ பழையபடி உப்புத்தாள் தேய்."

கம்ப்யூட்டரில் அளவைக் கொடுத்தால் தானே மரத்தைக் கடையும் அந்த மெஷினோடு எட்டு மாதமாக மல்லுக்கட்டி, அதைச் சொன்னபடி கேட்க வைத்தவள் அவள். விட்டுக்கொடுப்பாளா?

ஆனாலும் ஆனைக்கும் அடி சறுக்கும். கிடங்கில் கிடந்த உடைந்த கால் ஒன்றை அங்குலம் அங்குலமாக அளந்து மெஷினில் ஏற்றினாள். வந்து விழுந்தது கழுத்தும் இடுப்பும் இல்லாத உருளைக்கிழங்கு. அதற்கு மேல் பெயிண்ட் அடித்ததும் இன்னும் ஊதிவிட்டது.

"ஏம்மா, உன் மெஷின் மாசமா இருக்கா?" என்றார் இன்ஜினியர். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். ஊரான் சிரித்தது போகட்டும், கூடப் பிறந்தவன் சிரித்ததுதான் அவளைச் சுட்டது.

உடைந்த காலை ஹீட் கன்னால் சூடாக்கிச் சுரண்டிப் பார்த்தாள். ஒன்றன் மேல் ஒன்றாக ஏழு பூச்சு. புத்திசாலி இத்தனை நாள் அளந்தது மரத்தை இல்லை, பெயிண்டை! அடியில் ஒல்லியான இடுப்பும், கழுத்தில் மூன்று மெல்லிய கோடுகளும் இருந்தன. படியேறிய ஒருத்தர் கண்ணிலும் படாத கோடுகள்.

அந்த அளவில் ஒன்பதும் கடைந்து, பெயிண்ட் அடிக்காமல் கொண்டுபோய் மாட்டினாள்.

"இப்ப ஒல்லியா இருக்கே! பக்கத்துல இருக்கறதோட ஒட்டவே இல்ல" என்றார் இன்ஜினியர்.

அண்ணன் அவள் காதருகே குனிந்தான். "கம்ப்யூட்டர்ல நம்பரை மாத்தி நாலு மில்லிமீட்டர் கூட்டிக் குடுத்துடு. ஒரு நிமிஷ வேலை."

"மாட்டேன்."

"ஏய், சும்மா இரு."

"குண்டா இருக்கறது பெயிண்டுண்ணா. ஒரு தடவை தெரியாம செஞ்சேன். தெரிஞ்சே செய்ய மாட்டேன். மெஷினை விக்கணும்னா வித்துக்கோ."

சொல்லிவிட்டுப் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பழைய காலைச் சூடாக்கிச் சுரண்டினாள். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார், இருமினார். அவள் நிமிரவில்லை. அரை மணி நேரத்தில் புதுசும் பழசும் ஒரே இடுப்போடு நின்றன. கழுத்துக் கோடுகள் மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தன.

இன்ஜினியர் குனிந்து இரண்டிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "சரிதான். ஆனா மத்ததெல்லாம் குண்டாத்தானே நிக்குது?"

அண்ணன் ஹீட் கன்னை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த காலுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

அவள் எழுந்து தூசியைத் தட்டினாள். சுரண்டும் தகட்டை இன்ஜினியரிடம் நீட்டினாள்.

"இன்னும் முப்பத்தேழு இருக்கு சார். நீங்க ரெண்டு பேரும் தேய்ச்சுட்டு இருங்க. எனக்கு மெஷின்ல வேலை இருக்கு."